பழைய நாடாவும் புதிய கத்தரிக்கோலும்

கொக்குவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் மூன்று வாரங்களாக என் மேசைமீது கிடக்கிறது. மறுமொழி எழுதத் தாமதித்தமைக்குச் சோம்பல் காரணமன்று. அவர் தொட்டிருக்கும் விஷயம் என் சொந்தக் குடும்பத்திலும் நெடுநாட் புண்ணாக இருந்து, சென்ற மாதந்தான் ஒருவாறு ஆறியது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாமென்று பொறுத்திருந்தேன்.

கடிதத்தின் சாரம் இது: சகோதரியின் அலுமாரியில் பதினொரு வீடியோ நாடாக்கள் இருக்கின்றன. தம்முடைய திருமணம், மூத்த மகளின் சாமத்தியச் சடங்கு, மாமனாரின் அறுபதாம் ஆண்டு நிறைவு, கோயில் திருவிழா இரண்டு, இன்னதென்று எழுதப்படாதவை சில. வெளிநாட்டிலிருக்கும் மகன் அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றி அனுப்பும்படி கேட்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் ஐந்தாறு மென்பொருள்களின் பெயர்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறான். "எனக்கு வயது அறுபத்து மூன்று. சுட்டியைப் பிடித்து நகர்த்தத் தெரியும், அதற்குமேல் தெரியாது. இவற்றுள் எதை எடுப்பது?" என்பது அவரது கேள்வி.

மகனுடைய அவசரம் நியாயமானதே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வி.எச்.எஸ். என்னும் இந்நாடா யப்பானில் 1976 இல் வெளிவந்தது. நம் நாட்டில் ரூபவாகினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியபின், தொலைக்காட்சிப் பெட்டியின் கீழே ஒரு 'டெக்' இருப்பது வசதியுள்ள வீட்டின் அடையாளமாயிற்று. இன்று அந்த டெக்கைச் செய்வோர் இல்லை. கடைசிவரை செய்துவந்த யப்பானின் பூனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே, இப்போது ஓடுகின்ற டெக் ஒவ்வொன்றும் எவரோ ஒருவருடைய பழைய டெக்கே. நாடாக்களை ஓட்டும் கருவிகள் 2025 ஆம் ஆண்டையொட்டி அருகிவிடும் என்று யுனெஸ்கோவின் திட்டமொன்று 2019 இலேயே உலகத்துச் சுவடிக்கூடங்களை எச்சரித்தது. பெரிய சுவடிக்கூடங்களுக்கே அந்த நிலையென்றால், கொக்குவிலில் இருக்கும் ஓர் அலுமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்முடைய ஈரக் காற்றும் நாடாவுக்குப் பகை. கசெற்றிலுள்ள சிறு கண்ணாடி வழியே பாருங்கள். சுருளின் விளிம்பில் வெண்மையாகச் சாம்பல் தூவினாற்போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த நாடாவை டெக்கினுள் இடவே கூடாது. இட்டால் நாடாவும் கெடும், டெக்கின் தலையும் கெடும், அடுத்து இடுகிற நல்ல நாடாவுக்கும் தொற்றும். அதனைத் தனியே எடுத்து வைத்துத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நல்ல நாடாவின் முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அதை இன்னும் உடைக்காதிருந்தால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள். உடைத்தபின், கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

நிற்க. மென்பொருளைக் கேட்டால் இவள் நாடாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று சகோதரி முகஞ் சுளிக்கக்கூடும். காரணம் உண்டு. இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. அநேகர் அவற்றை ஒன்றென எண்ணி இடர்ப்படுகிறார்கள். நெல்லை வயலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு வேலை. குற்றிப் புடைப்பது மற்றொரு வேலை. நாடாவிலுள்ளதை அப்படியே கணினிக்குள் எடுப்பது முதலாவது. எடுத்ததை வெட்டித் தொகுப்பது இரண்டாவது. முதல் வேலை முடியும்வரை இரண்டாவதை நினைக்கவும் வேண்டாம்.

முதல் வேலைக்கு டெக்கின் பின்புறத்திலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்தோடு இணைக்கும் சிறு கருவி ஒன்று தேவை. மென்பொருளுக்கு ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ போதும். அது இலவசம். உண்மையில் நேரடி ஒளிபரப்புச் செய்வோருக்காக உருவானது. எனினும், வருவதை வந்தபடி பதிந்து வைக்கும் வேலைக்கு நன்றாக ஒத்துழைக்கிறது. அதனிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்றுண்டு. பதிவை எம்.கே.வி. என்னும் வகையில் சேமித்தால், நடுவே மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பிழைத்துக்கொள்ளும். சாதாரண எம்.பி.4 வகையிற் பதியும்போது மின்சாரம் போனால் முழுக் கோப்பும் திறக்க முடியாததாகிவிடலாம். 2022 ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டுக்களை அனுபவித்த நமக்கு இது சிறிய விஷயமன்று.

இரண்டு இடங்களில் மாத்திரம் கவனம் வேண்டும். பழைய படம் நான்குக்கு மூன்று என்ற சதுரப் பாங்கினது. இன்றைய திரை அகன்றது. அதற்காகப் படத்தை இழுத்து விரித்தால் மணப்பெண் முதல் ஐயர்வரை எல்லோரும் ஒரே நாளிற் பருத்துப் போவார்கள். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றது, பழைய தொலைக்காட்சிப் படம் ஒற்றைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைக் கோடுகள் ஒருமுறை என்று மாறி மாறி வரைந்து காட்டப்பட்டது. கணினி இரண்டையும் ஒன்றாய்க் காட்டுவதால், அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் நிற்கும். ஓ.பி.எஸ்.ஸில் டெக்கின் படம் தெரியும் இடத்தில் சுட்டியின் வலப்பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் 'டீஇன்ரர்லேசிங்' என்று ஒன்று இருக்கும். அதில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தெரிந்து, படவேகத்தை வினாடிக்கு 50 என்று வைத்தால் சீப்பு மறைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையனை இதற்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொள்ளலாம்; பிறகு அவன் வேண்டியதில்லை.

மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் செல்லும். குறுக்கு வழி கிடையாது. கணினி இடையில் உறங்கிவிடாதபடி அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்து, நீங்கள் உங்கள் சமையலைப் பார்க்கலாம். முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டி, பேசுகிறவரின் உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகுவது இந்த வேலையில் அடிக்கடி வரும் நோய். விலகியிருந்தால் நாடாவைப் பகுதி பகுதியாக மறுபடி எடுப்பதே சுகமான வழி.

இனிக் கத்தரிக்கோலுக்கு வருவோம்.

பையனுடைய பட்டியலில் டாவின்சி ரிசோல்வ் முதலாவதாக நிற்கிறது. சினிமாக்காரர் கையாளும் பெரிய கருவி அது. இலவசப் பதிப்பும் உண்டு. திறமையிற் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு பாதித் தேங்காயைத் துருவ ஆலைக்கு எடுத்துச் செல்வார்களா? சாதாரண மடிக்கணினி அதன் பாரந் தாங்காது திணறும். விண்டோஸ் மூவி மேக்கர் என்பதும் பட்டியலில் இருக்கிறது. பலருக்குப் பழக்கமான, எளிய பொருள்தான். எனினும் 2017 ஜனவரியோடு மைக்ரோசொஃப்ற் அதைக் கைவிட்டுவிட்டது. இப்போது அப்பெயரில் இணையத்திற் கிடைப்பவற்றுள் போலிகள் உண்டு, தொடாதிருப்பது நன்று. அதனிடத்தில் விண்டோஸ் 11 உடன் வருவது கிளிப்சாம்ப். கையாள இலகு. ஆனால் அதைத் திறந்ததும் அலங்காரங்களும் பாட்டுக்களும் நகரும் எழுத்துக்களும் கடைத்தெருவைப் போல முன்னே விரிகின்றன. தேவையில்லாததை வாங்காமற் கடைத்தெருவைக் கடந்து வருவோர் எத்தனை பேர்? அப்பிள் கணினி வைத்திருப்போருக்கு ஐமூவி உண்டு. அது அகன்ற படத்தையே பழகியது. பழைய படத்தைக் கொடுத்தால் திரையை நிரப்புவதற்காக மேலுங் கீழும் வெட்டிவிடும். 'ஃபிற்' என்ற தெரிவை அழுத்தினாலொழிய, நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களுக்குத் தலை இராது.

என்னைக் கேட்டால், லொஸ்லெஸ்கட் என்னும் சிறு மென்பொருளை எடுங்கள் என்பேன். இலவசமாகவே கிடைக்கிறது. அதன் முதன்மையான வேலை இது: இங்கே தொடங்கி அங்கே முடியும் துண்டைத் தனியே எடுத்துக் கொடுப்பது. படத்தைத் திரும்பப் 'பொரிப்பதில்லை'. ஆகையால் தரம் ஒரு சிறிதும் குறைவதில்லை. மூன்று மணி நேரப் படத்திலிருந்து அரை மணி நேரத்தை எடுக்க ஒரு நிமிடமுஞ் செல்லாது. மூலக் கோப்பை அது மாற்றுவதில்லை. துண்டைப் புதிய கோப்பாகவே எழுதுகிறது. வெட்டு நாம் சொன்ன கணத்திலேயே விழாமல் சிறிது முன்னே விழுவதுண்டு. அதனாற் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. படத்தின்மேல் எழுத்துச் சேர்க்க முடியாது என்று இளைஞர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். எனக்கு அதுவே அதன் சிறப்பாகப் படுகிறது. திகதியும் இடமும் எழுதியே ஆக வேண்டுமென்றால், அல்லது இரண்டு நாடாக்களை ஒன்றாக்க வேண்டுமென்றால், ஷொட்கட் இருக்கிறது. அதுவும் இலவசம், தன் முத்திரையைப் படத்தின்மேற் குத்தாது. விலைகொடுத்து வாங்க வேண்டிய சில மென்பொருள்கள் 'பரீட்சார்த்தம்' என்று சும்மா தந்து, முடிவில் தாலி கட்டும் காட்சிக்குக் குறுக்கே தம் பெயரைப் பொறித்துவிடுகின்றன. அப்படி ஒரு படத்தை நான் கண்ணாற் கண்டேன்.

ஷொட்கட் போன்றவற்றில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் வீடு விழுந்தது அவ்வகைப் பொறியிலேதான்.

என் தங்கையின் திருமணம் 1989 இல் வெள்ளவத்தையில் நடந்தது. எங்கள் அப்பா 1994 இற் காலமானார். அவர் பேசுவது பதிவாகிய பொருள் உலகத்தில் அந்தத் திருமண நாடா ஒன்றே. அதிலும் அக்காலத்து ஸ்ரூடியோக்காரர் தம் வழக்கப்படி முக்கால்வாசிப் படத்துக்குச் சினிமாப் பாட்டைப் பூசி, மண்டபத்தின் இயற்கையான ஒலியை இல்லாமற் செய்திருந்தார். பந்தி நடக்கும் பகுதி மாத்திரம் எப்படியோ தப்பியிருந்தது.

2019 இல் தங்கையின் முப்பதாவது திருமண நாள் வந்தது. அவளுடைய மகன், அதாவது என் பெறாமகன், பெற்றோருக்குத் தெரியாமல் நாடாவை எடுத்துப்போய் ஒரு கடையிற் கொடுத்துக் கணினிக் கோப்பாக வாங்கி வந்து, பதினெட்டு நிமிடப் படமொன்று செய்தான். வெகு அழகாகத்தான் செய்திருந்தான். எல்லோரும் கைதட்டினோம். தங்கை மாத்திரம், "அப்பா கதைக்கிற இடம் எங்கே, தம்பி?" என்று மெல்லக் கேட்டாள். அவனுக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது. "முழுப் படமும் இருக்கிறது அம்மா, பிறகு காட்டுகிறேன்" என்றான்.

முழுப் படம் இருக்கவில்லை. வன்தட்டு நிறைந்துவிட்டதென்று கடைக்காரர் கொடுத்த பெரிய கோப்பை அழித்துவிட்டிருந்தான். அழிக்குமுன் யோசிக்காமலும் இல்லை. தொகுக்கும் மென்பொருளில் தன் வேலையைச் சேமித்து 'புரொஜெக்ற்' என்னும் கோப்பாக வைத்திருந்தபடியால் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றதென்று நம்பினான். அக்கோப்பில் படம் இருப்பதில்லை. எந்தக் கோப்பில், எத்தனையாவது நிமிடத்தில், எதை எடுத்து எதற்குப் பக்கத்தில் வைப்பது என்ற குறிப்பு மாத்திரமே இருக்கிறது. சமையற் குறிப்பைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு அரிசியைக் கொட்டிவிட்டான் பிள்ளை. நாடாவுக்கு ஓடினோம். அது கடையில் ஓடியபோது சிக்கிக் கசங்கியிருந்தது. அதிலும் பந்திப் பகுதியிலேதான்.

அவனை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பகுதியை அவன் ஏன் நீக்கினான் என்று பிற்பாடு கேட்டேன். "பெரியம்மா, அதில் ஒன்றுமே இல்லையே. சமையற்காரரின் முதுகும் ஒரு கதிரையுந்தான் தெரிந்தன" என்றான். அவன் சொன்னது முழு உண்மை. அப்பா கமராவுக்குப் பின்னால் நின்று பேசுகிறார்; படத்தில் அவர் இல்லை. பெறாமகன் பிறந்தது அப்பா போன மறுவருடம். பின்னணியிற் கேட்ட குரல் யாருடையதென்று அறிய அவனுக்கு வழியே இருந்ததில்லை.

ஆதலால், கொக்குவிற் சகோதரிக்கு என் மறுமொழி சிறிது திசைமாறியே போகிறது. எந்த மென்பொருள் என்பதைவிட, அதன்முன் யார் உட்காருவது என்பதே பெரிய கேள்வி. சுட்டியை நகர்த்தத் தெரிந்தால் போதும். உட்கார வேண்டியவர் நீங்களே. பந்தியில் இலைக்குமேல் குனிந்திருக்கும் முகங்களுள் எது யாருடையதென்று உங்கள் மகனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சற்றுந் தெரியாது. வெட்டத் தொடங்குமுன் ஒரு தடவை திரையை அணைத்துவிட்டு, அல்லது திரைக்கு முதுகைக் காட்டியிருந்து, முழு நாடாவையுங் காதால் மாத்திரங் கேளுங்கள். கையில் ஒரு கொப்பி வைத்துக்கொண்டு, யார் குரல் எத்தனையாவது நிமிடத்திற் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களைவிட மூத்தவர் எவரேனும் வீட்டிலிருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள். அதற்குப் பிறகும் வெட்டவேண்டியதென்று எனக்குப் படுவது தொடக்கத்திலும் முடிவிலும் வரும் வெறும் நீலத் திரைதான். முற்றத்தைச் சுற்றிச் சுற்றிக் கமரா அலைவதையும், வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வரும்போது கிழவிகள் முகத்தை மூடிக்கொள்வதையும் இருக்க விடுங்கள்.

மகனுக்கு அனுப்பச் சிறு துண்டுகள் போதுமென்றால் அவற்றை லொஸ்லெஸ்கட்டில் எடுத்து அனுப்புங்கள். வெட்டாத மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுக்களில் எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில், உடன்பிறந்தார் யாரிடமாவது வையுங்கள். நாடாவையும் எறிய வேண்டாம்.

எங்கள் புண் ஆறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990 இல், ரொறன்ரோவிலிருந்த என் அண்ணனுக்கு அந்த நாடாவின் பிரதியொன்று அனுப்பியிருந்தோம். இலங்கைத் தொலைக்காட்சி பால் என்னும் முறையினது. 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். கனடாவினது அக்காலத்தில் என்.ரி.எஸ்.சி. முறை, 525 கோடுகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஒன்றுக்குரிய நாடா மற்றதற்குரிய சாதாரண டெக்கில் ஒழுங்காக ஓடாது. அதனால் அன்றைக்கே காசு கொடுத்து முறையை மாற்றுவித்து அனுப்பினோம். அதை அடியோடு மறந்தும் போனோம். சென்ற வருடம் அண்ணன் வீடு மாறியபோது நிலக்கீழறையில் ஒரு பெட்டிக்குள் அது அகப்பட்டது. இங்கே அனுப்பினால் எங்கள் டெக்கில் ஓடாதென்று தெரிந்து, அண்ணன் மகள் அங்கேயே பழைய டெக்கொன்றைத் தேடிப் பிடித்து, ஓ.பி.எஸ்.ஸிற் பதிந்து முழுக் கோப்பையும் வெட்டாமல் அனுப்பினாள். பிரதிக்குப் பிரதியாகையாற் படம் மங்கல். நிறம் சிவப்பாக வழிகிறது. ஒலி மாத்திரம் நன்றாக இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டிற் கூடியிருந்து கேட்டோம். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் சமையற்காரரின் முதுகு தெரிகிறது. பக்கத்தில் ஒரு வெறுங் கதிரை. "பிள்ளை, நீ இன்னும் சாப்பிடேல்லையே? கடைசிப் பந்திக்கெண்டு நில்லாதை, இப்ப வந்து இரு." நான் என்ன சொன்னேனோ, அது பாத்திரச் சத்தத்தில் அடிபட்டுப் போயிருக்கிறது.

பெறாமகன் சுட்டியைப் பிடித்தபடி இருந்தான். "பெரியம்மா, இதுவா அம்மப்பாவின் குரல்?" என்று கேட்டுவிட்டு, எங்களில் ஒருவரும் சொல்லாமலே அந்த இடத்தைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடியும் ஓடவிட்டான்.